பதினொரு பக்கமும் ஒரு மாத்திரையும்

காதால் கேட்பவர்கள் உண்டு. கேட்டதாகத் தலையாட்டுபவர்கள் உண்டு. கையால் கேட்பவர்கள் என்று ஒரு வகையும் உண்டு. ஒருவர் பேசி நிறுத்தியதும் அதை இன்னொரு மொழியில் எடுத்துச் சொல்லும் மொழிபெயர்ப்பாளர்கள் நடுவே இவ்வகை செழித்து வளர்கிறது. ஒருவரைக் காட்டுகிறேன், பாருங்கள்.

குறிப்பேட்டை மேசை விளிம்புக்கு நேராக வைப்பார், இடது ஓரத்தில் கோடு இழுப்பார், மூன்று பேனாக்களை உயரவாரியாக அடுக்குவார், நடுப்பேனாவை உதறி உள்ளங்கையில் கிறுக்கிப் பார்ப்பார், பிறகுதான் பேச வேண்டியவருக்குத் தலையசைத்து அனுமதி தருவார். அதன்பின் நிமிர மாட்டார், குறித்துக்கொண்டே இருப்பார். கூடினால் மேலம்பு, குறைந்தால் கீழம்பு, அவசரத்துக்கு அப்போதே பிறக்கும் புதுக்குறிகள் வேறு. ஒரு வட்டம், அதற்கு இரண்டு கால். என்ன அது? அவருக்கே தெரியாது.

சென்ற மாதம் பதினான்காம் தேதி காலை பத்து நாற்பதுக்கு, மருத்துவமனையில் என் முறைக்காகக் காத்திருந்தேன். பாதி மூடிய திரைக்கு அப்பால் வேற்றுமொழி டாக்டர், இதய நோயாளி ஒருவர், அவர் மனைவி, நடுவில் நம்மவர். டாக்டர் நான்கு நிமிடம் பேசினார். இடையில், நோயாளி கொண்டுவந்த பழைய மாத்திரை அட்டையைத் தள்ளி வைத்து, தலையை ஆட்டி ஏதோ அழுத்திச் சொன்னார். நம்மவர் அப்போது முந்தைய வாக்கியத்துக்கு இரண்டாவது அடிக்கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு வாசித்தார். "ஐயாவுக்கு நெஞ்சு துடிப்பு சீரா இல்ல. புது மாத்திரை காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. அப்புறம்... வட்டம், ரெண்டு கால்... ஆங், நல்லா நடக்கணும்!"

"மாடிப்படியே ஏற முடியல, நடக்கவா?" என்றார் நோயாளி.

மனைவி குறுக்கிட்டார். "சார், பழைய மாத்திரையைத் தள்ளி வெச்சு என்னமோ சொன்னாரே?"

நம்மவர் முன்னும் பின்னும் புரட்டினார். "குறிப்புல இல்லம்மா."

"என் கண்ணால பார்த்தேன் சார்!"

"பதினொரு பக்கம் எழுதியிருக்கேன். இதுல இல்லைன்னா அவர் சொல்லலைன்னு அர்த்தம்."

"விடு, எதுக்கும் ரெண்டையும் போட்டுக்கறேன்" என்று அட்டையை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார் கணவர்.

"நீங்க சும்மா இருங்க. சார், இன்னொரு தடவை கேட்டா குறைஞ்சா போயிடுவீங்க?"

நம்மவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு டாக்டரிடம் கேட்டார். டாக்டர் வாய் திறந்தார். பேனா தாளைத் தொட்டது. அந்த அம்மாள் அதைப் பிடுங்கிக்கொண்டார்.

"எழுதாதீங்க. கேளுங்க."

வெறுங்கையோடு, அன்று முதன்முறையாக, அவர் டாக்டரின் முகத்தைப் பார்த்தார். கேட்டார். ஒரே மூச்சில் சொன்னார்: "பழசை இன்னையோட நிறுத்திடணும். ரெண்டையும் சேர்த்துப் போட்டா உயிருக்கே ஆபத்து."

ஒரு சொல்லில்கூடத் தடுமாறவில்லை. கணவர் சட்டைப்பையிலிருந்து அட்டையை எடுத்து மெதுவாக மேசையில் வைத்தார். மனைவி நாற்காலியில் சாய்ந்து மூச்சு விட்டார். நம்மவர் என்ன செய்தார் என்கிறீர்கள்?

"பேனாவைக் குடுங்கம்மா, எழுதிக்கறேன்."

சிரித்துவிட்டீர்கள், நல்லது. இதை வாசிக்கும்போதே ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டவர்கள் கை தூக்க வேண்டாம். அந்த மனிதர் நிறுத்த வேண்டியது புது மாத்திரையா, பழையதா? மேலே பார்க்காமல் சொல்லுங்கள்.