கதாநாயகனுக்கு ஒரு ரெயின்கோட்

“மழையில நனைஞ்சுக்கிட்டே ஓடி வர்றான்டா ஹீரோ! அவனுக்குப் போய் ரெயின்கோட் மாட்டச் சொல்றியே, உனக்கு என்ன ஆச்சு?” எடிட்டர் நாற்காலியைச் சுழற்றிக்கொண்டு கத்தினார்.

“நான் எங்கடா சொன்னேன்? ஆடியன்ஸ் சொல்லுது!” என்று டைரக்டர் ஒரு கட்டுக் காகிதத்தை மேஜைமேல் போட்டார். முகம் பூரித்துக் கிடந்தது.

டைரக்டர் என்பது ஒரு மரியாதைக்குத்தான். இதுவரை அவர் எடுத்ததெல்லாம் கல்யாண வீடியோ. பள்ளிக்கூடப் பருவத்துக் காதல் கதை ஒன்றை நெஞ்சுக்குள் பூட்டி வைத்துக்கொண்டு, யார் யார் வீட்டு மாப்பிள்ளையையோ ‘சிரிங்க, இன்னும் கொஞ்சம் சிரிங்க’ என்று கெஞ்சியே தலை நரைத்துவிட்டது. இப்போதுதான் ஒரு தயாரிப்பாளர் கிடைத்திருந்தார். பெரிய மெத்தைக் கடையின் முதலாளி.

“ஆரம்பக் காட்சியை மட்டும் எடுத்துக் காட்டுங்க” என்று சொல்லியிருந்தார் முதலாளி. “பிள்ளைங்களைக் கூட்டிவந்து உட்கார வெப்போம். ரசிச்சாங்கன்னா மிச்சப் படத்துக்கு நான் பொறுப்பு. இல்லேன்னா நீங்க கல்யாணத்துக்கே போயிருங்க. ஆனா ஒண்ணு, எடுக்கறதுக்கு முன்னாடி என்ன பிடிக்கும்னு கேட்டுக்குங்க. மெத்தைல நான் படுத்துப் பார்த்து என்ன பிரயோஜனம்? காசு குடுக்கறவங்களுக்குப் பிடிக்கணும். அவங்கதான் ஆடியன்ஸ்.”

டைரக்டருக்குத் தலைகால் புரியவில்லை. கதையை நாலு வரியில் எழுதி, கீழே கேள்விகளை அடுக்கி, மகளின் வகுப்பு டீச்சரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். டீச்சரும் நல்ல மனுஷி. வகுப்பு முழுவதற்கும் விநியோகித்து, வீட்டில் நிதானமாக எழுதிக்கொண்டு வரும்படி சொல்லிவிட்டார்.

அன்று மாலை டைரக்டருக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. மகள் சோபாவில் போனோடு படுத்திருந்தாள். மனைவி பேனா மூடியைக் கடித்தபடி சாப்பாட்டு மேஜையில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள்.

“மழை! பஸ் ஸ்டாப்! அவன் ஓடி வர்றான்! மோதறான்! அவ குடை பறக்குது!” என்று கைகளை விரித்துச் சுற்றினார்.

“அந்தப் பக்கம் போய்ப் பறக்க விடுங்க, மேஜை ஆடுது” என்றாள் மனைவி நிமிராமலே. “இவளோட ஸ்கூல் வேலை நாளைக்குள்ள முடியணும்.”

டைரக்டர் இல்லாத குடையோடு பால்கனிக்கு இடம் மாறினார்.

பதில்கள் வந்தன. பிரித்துப் படித்ததும் எடிட்டருக்கு மயக்கம் வராத குறை. “‘நனைந்தால் காய்ச்சல் வரும். ரெயின்கோட் அவசியம்.’ எல்லாப் பேப்பர்லயும் இதையே எழுதியிருக்காங்கடா! பதினாறு வயசுப் பசங்க பேசற பேச்சா இது?”

“அதான்டா இந்தத் தலைமுறை! நம்மள மாதிரி அசடுங்க இல்ல. உடம்பு மேல அக்கறை! இதெல்லாம் எந்தப் படத்துலயாவது வந்திருக்கா? நாமதான்டா முதல்!”

ரெயின்கோட் மாட்டப்பட்டது. தொப்பியை இழுத்துவிட்டதும் கதாநாயகனின் மூக்கு நுனி மட்டும் தெரிந்தது.

“சார், உள்ள நான்தான் இருக்கேன்னு எங்க வீட்லயே நம்ப மாட்டாங்க” என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது.

அடுத்த சிக்கல் ஓட்டம். ‘பஸ்ஸுக்குப் பின்னால் ஓடுவது ஆபத்து. கொஞ்சம் சீக்கிரம் கிளம்பினால் என்ன?’ என்று ஒரு பேப்பர் கேட்டிருந்தது. நியாயம்தானே? கதாநாயகன் முன்கூட்டியே வந்து பெஞ்சில் சமத்தாக உட்கார்ந்துகொண்டான்.

“உட்கார்ந்திருக்கறவன் எப்படிடா மோதுவான்?” என்றார் எடிட்டர்.

“மோத வேணாம். பார்க்கட்டும்.”

“தொப்பி மறைக்குதே!”

“அப்ப அவ பார்க்கட்டும்!”

சீக்கிரம் கிளம்பவேண்டுமென்றால் சீக்கிரம் எழவேண்டும். அவனை எழுப்ப ஓர் அம்மா வந்தாள். எழுந்தவன் சாப்பிடவேண்டாமா? ‘வெறும் வயிற்றோடு எந்தப் பிள்ளையும் காதலிக்கக் கூடாது’ என்று ஒரு பேப்பரில் அடிக்கோடு வேறு போட்டிருந்தது. அந்த வரியைப் படித்ததும் டைரக்டருக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. சாப்பாட்டுக் காட்சி வந்தது. இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள்ளச் சொல்லி அம்மா கெஞ்சும் காட்சி வந்தது. அவன் திரும்பிக்கூடப் பார்க்காமல் தெருமுனை தாண்டும்வரை அவள் ஜன்னலில் நிற்கும் காட்சியும் வந்தது.

“அங்கிள், நான் எப்ப வருவேன்?” என்றாள் குடையோடு காலையிலிருந்து நின்ற கதாநாயகி.

“நீ கடைசில வர்றம்மா. தூரத்துல. ஆனா என்ன ஒரு என்ட்ரி தெரியுமா!”

எடிட்டர் எல்லாவற்றையும் ஒட்டி முடித்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார். “ரொமான்ஸ் படம்டா இது. காதல் எங்கடா?”

“பசங்க கேட்டதை எடுத்திருக்கேன். பசங்க கண்டுபிடிச்சுக்குவாங்க” என்றார் டைரக்டர்.

மெத்தைக் கடையின் மாடியில் திரை கட்டியிருந்தார்கள். நாற்காலிக்குப் பதிலாக மெத்தை. பிள்ளைகள் ஆளுக்கொன்றில் சாய்ந்தார்கள். கொண்டுவந்து விட வந்த அம்மாக்கள் பின்சுவரோரம் நின்றார்கள். டைரக்டரின் மனைவியும் அங்கேதான் இருந்தாள். விளக்கு அணைந்தது.

சாப்பாட்டுக் காட்சியில் இருட்டுக்குள்ளிருந்து சிரிப்பு எழுந்தது. ரெயின்கோட்டைப் பார்த்ததும் யாரோ கைதட்டினார்கள். ஜன்னல் காட்சி வந்தபோது ஒரு விசும்பல். பிறகு இன்னொன்று. கடைசியில் மாடியே மூக்கை உறிஞ்சியது.

முதலாளி இருட்டில் டைரக்டரின் கையைத் தேடிப் பிடித்தார். “பிள்ளைங்க அழறாங்கய்யா! ஜெயிச்சுட்டீங்க! மிச்சத்துக்கு நான் பொறுப்பு!”

விளக்கு எரிந்தது.

முன்னால் பாதிப் பிள்ளைகள் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். மீதிப் பாதி போனில் மூழ்கிக் கிடந்தது. பின்சுவரோரம் அம்மாக்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். எல்லோரையும்விடத் தேம்பித் தேம்பி அழுதவள் டைரக்டரின் மனைவி.

முதலாளி கையை மெதுவாக விடுவித்துக்கொண்டார். “என்னய்யா இது? பிள்ளைங்க கேட்டது இதுதான்னு சொன்னீங்களே?”

டைரக்டர் முன்வரிசையில் சாய்ந்திருந்த மகளிடம் ஓடினார். “நீயாவது சொல்லும்மா! உங்க கிளாஸ் பேப்பர்ல எழுதினதைத்தானே அப்படியே எடுத்திருக்கேன்?”

மகள் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“நாங்க எங்கப்பா எழுதினோம்? ஸ்கூல்லேர்ந்து எந்தப் பேப்பர் வந்தாலும் எல்லார் வீட்லயும் அம்மாதானே நிரப்புவாங்க? டிக்கெட்டுக்குக் காசு குடுக்கறதும் அவங்கதானே!”