கையெழுத்துப் போடாத வில்லங்கம்

திண்டிவனம்,
வியாழக்கிழமை.

விழுப்புரம் சம்பந்தி சவுரிராயன் அவர்களுக்கு, திண்டிவனம் பத்திர எழுத்தர் (ஓய்வு) மரியஅந்தோணி முழு மனதோடும் நல்ல நினைவோடும் எழுதிக்கொடுக்கும் மன்னிப்புக் கடிதம் என்னவென்றால்:

மாதாவின் தயவில் நானும் மனைவி அமலோற்பவமேரியும் மகள் ஆஷ்லினும் இங்கே நலம். தங்கள் வீட்டார் நலத்தைப் போனில் விசாரிக்கலாமென்றால், திங்கட்கிழமையிலிருந்து தாங்கள் எடுப்பதே இல்லை. "இன்னாங்க சம்பந்தி, என் ஊட்டுக்கு வில்லங்கம் போட்டு உலகத்துக்கே காட்டிக்கினு இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டு வைத்தவர்தான். வரும் ஞாயிறு கல்யாணத்துக்கு நாள் குறிக்க வருவதாகச் சொல்லியிருந்தீர்கள். இனி வருவீர்களோ மாட்டீர்களோ என்று ஆஷ்லின் நான்கு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. ஆகவே நடந்ததை ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன்.

ஆஷ்லினும் தங்கள் மகன் டோமினிக்கும் நண்பர்களோடு சேர்ந்து செய்த 'மோட்டார் மணி' தங்களுக்குத் தெரியும். மும்முனை மின்சாரம் வரும் நேரத்துக்கு விவசாயியின் செல்போனில் மணியடிக்கும் இலவச மென்பொருள். அதன் வலைத்தளத்தைத் தமிழில் எழுதும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். முப்பத்தொரு வருடம் பத்திரம் எழுதிய கை சும்மா இருக்குமா? ஆனால் நேராக வலைத்தளத்தில் எழுதக் கூடாதாம். விக்கி என்று ஒன்று, குழுவில் யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம், ஒரு பொது நோட்டு மாதிரி, அதில்தான் எழுத வேண்டுமாம், தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு அதிலுள்ள பக்கங்களையெல்லாம் கம்ப்யூட்டர் தானாகவே வாரிக்கொண்டு போய் வலைத்தளமாக்கிவிடுமாம். "வெளிய போவக்கூடாத பக்கத்துக்கு மேல 'வரைவு'ன்னு எழுதிடுப்பா, அத்த தொடாது" என்று ஆஷ்லின் படித்துப் படித்துச் சொன்னாள். நானும் தலையை ஆட்டினேன். ஆனால் சம்பந்தி, கையெழுத்தும் கைரேகையும் இரண்டு சாட்சியும் இல்லாத காகிதம் எல்லாமே வரைவுதானே? அதைத் தனியாக வேறு எழுதுவார்களா? என் கையெழுத்து இல்லாமல் என் எழுத்து வாசலைத் தாண்டாது என்று நிம்மதியாக இருந்துவிட்டேன்.

ஆரம்பம் நன்றாகத்தான் இருந்தது. முகப்புப் பக்கத்துக்கு 'வடக்கில் தலைப்பு, கிழக்கில் தேடும் பெட்டி, இவற்றுக்கு உட்பட்ட பகுதி' என்று நான்கெல்லை போட்டுக் கொடுத்ததைப் பிள்ளைகள் ரசித்தார்கள். பிறகு 'நிறுவத் தேவையானவை' என்ற பக்கத்தை எழுதிக்கொண்டிருந்தபோது அமலோற்பவமேரி அடுப்படியிலிருந்து குரல் கொடுக்க, மறந்துவிடாமல் அங்கேயே குறித்துவைத்தேன். மறுநாள் மண்டகப்பட்டு விவசாயி ஒருவர் போன் செய்தார். "ஐயா, போனு இருக்குது, நெட்டு இருக்குது. கேப்பை மாவு ரெண்டு கிலோ எதுக்குங்க?" அப்போதே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். ஆஷ்லின்தான் அவசரப்பட்டு அனுப்பிவிட்டாள் என்று அவளைத் திட்டினேன்.

இனி தங்கள் விஷயம். நிலம் வாங்கும் முன் வில்லங்கம் பார்க்கிறவன், பெண் கொடுக்கும் முன் பார்க்க மாட்டேனா? விக்கியில் மென்பொருளின் பிழைகளைக் குறித்துவைக்க 'அறியப்பட்ட குறைகள்' என்று ஒரு பக்கம் காலியாகக் கிடந்தது. அதில் எழுதினேன்: 'சவுரிராயன். நல்லவர். முன்கோபி. பிறர் பேசும்போது காது கேட்காது. மாதா தேரை எந்தத் தெரு வழியாக விடுவது என்ற தகராறில் தம்பி ராயப்பனோடு எட்டு வருடமாகப் பேச்சில்லை. மற்றபடி வில்லங்கம் ஏதுமில்லை.' ஆறு மணி அடித்தது. பக்கத்துக்குக் கீழே 'பிழை கண்டால் தெரிவிக்கவும்' என்று கம்ப்யூட்டரே ஒரு வரி சேர்த்துக்கொள்ளுமாம். ஜெர்மனியில் வேலை செய்யும் நம்மூர்க்காரர் ஒருவர், 'இந்தச் சவுரிராயன் அடுத்த பதிப்பில் சரியாகிவிடுவாரா?' என்று கேட்டிருந்தார். டோமினிக் 'சரிபார்க்கப்பட்டது' என்று பச்சை அடையாளம் போட்டிருந்தார். பிள்ளை பழக்கதோஷத்தில் போட்டிருப்பார், கோபிக்க வேண்டாம்.

அந்தப் பக்கத்தை அழித்தாயிற்று. தங்கள் தம்பி பார்த்திருக்க வழியே இல்லை. பொம்மையார்பாளையத்தில் கடலோரம் விடுதி நடத்துகிறவருக்கு மோட்டார் மணி எதற்கு? இது நம் இருவரோடு போகட்டும்.

டோமினிக்கை எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது, சம்பந்தி. என் எழுத்தில் வரிக்கு வரி திருத்தம் செய்கிறார், ஒவ்வொன்றுக்கும் 'மன்னிக்கணும் மாமா' என்று எழுதிவைக்கிறார். அதைப் படித்து ஆஷ்லின் சிரிக்கிற சத்தம் கேட்டால் அன்றைக்கு எனக்கு வேறொன்றும் வேண்டாம். அந்தச் சிரிப்பை என் கையாலேயே கெடுத்துவிட்டேன். ஞாயிறு அவசியம் வாருங்கள். எனக்கும் ஒரு வில்லங்கம் எழுதிக்கொண்டு வாருங்கள், படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடுகிறேன்.

சம்பந்தி அம்மாளுக்கு எங்கள் தோத்திரம். டோமினிக்குக்கு எங்கள் ஆசீர்.

இப்படிக்கு,
சுயபுத்தியோடு எழுதிய
மரியஅந்தோணி
சாட்சி: அமலோற்பவமேரி (வரைவு)

பி.கு.: இதைப் பேனாவால் எழுதுகிறேன். எழுத்துப் பிழை பார்ப்பதற்காக மேலே உள்ள கடிதத்தையும் விக்கியில்தான் எழுதினேன். இந்த முறை மறக்காமல் 'வரைவு' என்று போட்டேன், முறைப்படி கையெழுத்துக்குக் கீழே, சாட்சிக்குப் பக்கத்தில். கம்ப்யூட்டர் உச்சியில் மட்டும்தான் பார்க்குமாம். அச்செடுத்துக் கவர் தேடுவதற்குள் ஆறு அடித்துவிட்டது. பக்கத்தின் அடியில் இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். முதலில் ராயப்பன்: 'பிழை. எட்டு வருசம் இல்ல, ஒம்பது. என் தென்னந்தோப்புக்கு இந்த மணிதான், டோமினிக் செஞ்சதுன்னு போட்டுக்கினேன். அண்ணன் உடம்பு எப்படி கீது? கல்யாண மீன் என் பொறுப்பு.' அதற்குக் கீழே, பத்து நிமிடம் கழித்து, தாங்கள்: 'ஒம்பதுதான். சரிபார்க்கப்பட்டது. ஞாயித்துக்கிழமை அவனையும் இட்டுக்கினு வர்றேன்.' ஆஷ்லின் இப்போதே தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.