எதுவே பாபு

அறுபதுகளில் போர்ட் பிளேயரிலேயே டெலிபோன் சாஸ்திரம் கரைத்துக் குடித்தவர்கள், துறைமுகத்தை ஒட்டிய ஹேடோ பகுதிக்காரர்கள்தான். குடிக்காவிட்டால் அங்கே எந்தப் போனும் சரியாகாது. காரணம், எங்கள் லைன்மேன். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர்; யாரிடம் பேசினாலும் ஊர் வழக்கப்படி ஒரு 'வே' போடுவார். போன் செத்துப்போச்சு என்று யார் போய் நின்றாலும் அவர் கேட்பது ஒன்றுதான்.

"எதுவே? இன்ஸ்ட்ருமென்ட்டா, லைனா, எக்ஸ்சேஞ்சா?"

அந்த 'எதுவே'தான் அவர் பெயர் என்று நினைத்த வங்காளிக் கடைக்காரர்கள் அவரை 'எதுவே பாபு' ஆக்கிவிட்டார்கள். பிறகு ஊரே அப்படித்தான் கூப்பிட்டது.

பேசும் கருவி இன்ஸ்ட்ருமென்ட். கம்பத்தில் ஓடும் கம்பி லைன். இணைப்புக் கொடுக்கும் இடம் எக்ஸ்சேஞ்ச். மூன்றையும் ஒன்றாகக் குழப்பிப் போன் என்பவர்களை அவர் மன்னிக்கமாட்டார். ரிசீவரில் ஊதிப் பார்த்துவிட்டு வரச் சொல்வார். ஊதியது காதில் கேட்டால் கருவி சரி. ஒரு பெரிய அதிகாரியின் புகார்ச் சீட்டையே மூன்று முறை திருப்பி அனுப்பினார். நான்காம் முறை அதிகாரி, தானே ஊதியதாகவும் கேட்டதாகவும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். மளிகைக்கடைக்காரர் ஒருவர் போன் கெட்டுப்போச்சு என்பதை இந்தியில் 'போன் கராப் ஹோ கயா' என்று சொல்லப்போக, 'கராப்' என்றொரு பாகம் டெலிபோனில் கிடையாது என்று இந்தியிலேயே பதில் கிடைத்தது.

நான் அப்போது துறைமுகச் சரக்குக் கொட்டகையில் குமாஸ்தா. ஒரு மழைநாள் பிற்பகல், கப்பலிலிருந்து இறக்கிய மரப்பெட்டி சரிந்து ஒரு கூலியாளின் காலை நசுக்கிவிட்டது. ஆஸ்பத்திரிக்குச் சொல்ல ரிசீவரை எடுத்தால் பதிலே இல்லை. ஓடினேன். எதுவே பாபு தன் அறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஊதிப் பார்க்காமல் வந்துவிட்டது, அவர் முகத்தைப் பார்த்ததும்தான் உறைத்தது.

"அண்ணாச்சி, போன் செத்துப்போச்சு. ஒரு ஆளு ரத்தத்துல கெடக்கான்" என்றேன்.

அவர் ஒன்றுமே கேட்கவில்லை. எச்சில் கையோடு பையைத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் ஓடினார். கொட்டகைக்கு வெளியே, முறிந்து விழுந்த கிளை கம்பியை அறுத்துப் போட்டிருந்தது. ஈரக் கம்பத்தில் ஏறியவருக்குக் கால் வழுக்கியது. கம்பியைப் பிடித்துத் தொங்கியதில் உள்ளங்கை கிழிந்தது. அந்தக் கையாலேயே கம்பியை இணைத்துவிட்டுத்தான் இறங்கினார். சற்று நேரத்தில் ஆஸ்பத்திரி வண்டி வந்தது. ஆளும் பிழைத்தான், காலும் பிழைத்தது.

மறுநாள் நன்றி சொல்லப் போனேன். கையில் கட்டோடு உட்கார்ந்திருந்தவர், நேற்றைய வேலைக்குச் சீட்டே இல்லை என்று புகார்ச் சீட்டொன்றை என் பக்கம் தள்ளினார்.

"எழுதும்வே. லைன் அறுந்துதுன்னு போடும். எனக்குப் பேனா பிடிக்கக் கை வரமாட்டேங்கு."

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். எழுதியதை இரண்டு முறை சரிபார்த்தேன். தப்பாக ஒரு வார்த்தை போட்டு அந்த மனிதரை வருத்தப்பட வைக்க எனக்கு மனம் வரவில்லை.