அட்டை மாஸ்டர் ஆட்டிவைத்த ஸ்காட்லாந்து நடனம்

ஆரணியில் எந்தத் தாளையும் நேராகப் படிக்கத் தெரியாத ஒரே மனிதர் அட்டை மாஸ்டர்தான். படிப்பு வராது என்று நினைத்துவிட வேண்டாம். ஆங்கிலம் கூட எழுத்துக்கூட்டிப் படிப்பார். படித்து முடித்ததும் அதில் எழுதியிருப்பதற்கு நேர் எதிராக ஒன்றைச் செய்வார்.

பட்டுச்சேலைக் கரையில் மயிலும் மாங்காயும் வர வேண்டுமென்றால் தறியின் மேலே ஓட்டை போட்ட அட்டைகளைச் சங்கிலியாகக் கோத்துத் தொங்கவிட வேண்டும். அந்த ஓட்டைகளைக் குத்துவதுதான் அவர் தொழில். இருபது வருஷத்தில் ஓர் ஓட்டைகூடத் தவறாக விழுந்ததில்லை என்பது ஊர் நம்பிக்கை. அவருடைய நம்பிக்கையும் அதுவே.

தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் சர்ச்சின் நூற்றாண்டு விழா வந்தது. ஸ்காட்லாந்திலிருந்து ஒரு அம்மையார் சிறப்பு விருந்தினர். எங்கள் ஊர் நடனத்தை நீங்கள் ஆட வேண்டும், கடைசிச் சுற்றில் நானும் சேர்ந்து ஆடுவேன் என்று எழுதி, ஒரு கேசட்டும் ஆட்ட விதிகள் அடங்கிய ஒரு தாளும் அனுப்பினார். பாடகர் குழுவிலிருந்து நாங்கள் எட்டுப் பெண்கள், நான்கு ஜோடி. கட்டம் போட்ட கைலித் துணியில் பாவாடை தைத்தாயிற்று. நான் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் முடித்தவள், விழாக் குழுவின் செயலாளர். செய்ய வேண்டியவை, வாங்க வேண்டியவை, பயப்பட வேண்டியவை என்று மூன்று பட்டியல் வைத்திருந்தேன். மூன்றாவதில் அட்டை மாஸ்டர் இல்லை. என் தவறு.

தாளில் புள்ளி, கட்டம், அம்புக்குறி. போதகர் அதைப் பார்த்துவிட்டு, இது கரை டிசைன் மாதிரி இருக்கிறது, மாஸ்டரைக் கூப்பிடு என்றார். மாஸ்டர் வந்தார். முப்பத்திரண்டு தாளக்கட்டு என்று எண்ணினார். மறுநாள் முப்பத்திரண்டு அட்டைகளைக் கோத்து, ஹாலில் ஒரு மரச்சட்டத்தில் தொங்கவிட்டார். ஜோடிக்கு ஒரு வரிசை. இடப்பக்கம் ஓட்டை இருந்தால் இடக்கை, இடப்பக்கச் சுற்று. வலப்பக்கம் என்றால் வலது. காலைப் பார்க்கக் கூடாது, பக்கத்திலிருப்பவரைப் பார்க்கக் கூடாது, அட்டையை மட்டும் பார்க்க வேண்டும்.

முதல் ஜோடி வரிசைக்குப் பின்னால் போக வேண்டும் என்று விதி. எங்கே நிற்பது என்று தாளில் இல்லை. அதனால் மெர்சி டீச்சரும் அவர் ஜோடியும் ஹாலைத் தாண்டி, படி இறங்கி, வேப்பமரம் வரைக்கும் போனார்கள். அடுத்த அட்டையைப் பார்க்க முடியாமல் அங்கேயே நின்றார்கள்.

"மாஸ்டர், இரண்டு இடம் தள்ளி நிற்கச் சொல்லுங்க" என்றேன்.

"தாள்ல இல்லாத ஓட்டைய நான் எப்டிமா குத்தறது?"

அம்மையாருக்கு எழுதிக் கேட்டோம். திருத்திய விதிகள் வந்தன: ஒன்பது முதல் பதினாறு வரை மாற்றம், இரண்டு இடம் தள்ளி நிற்கவும், மற்றவை முன்போலவே. எட்டு அட்டையை மாற்றினால் போதும் என்று எழுதப் படிக்கத் தெரிந்த எல்லோருக்கும் புரியும். மாஸ்டர் முப்பத்திரண்டையும் கிழித்துப் போட்டு முதலிலிருந்து குத்தினார். பழைய அட்டையும் புதிய அட்டையும் ஒரே சங்கிலியில் தொங்கினால் டிசைன் கோபித்துக்கொள்ளுமாம்.

புதிய சங்கிலியில் எங்கள் கைகளெல்லாம் மாறியிருந்தன. திருத்திய தாளை நீட்டி, வலக்கை என்று தெளிவாக இருக்கிறதே என்றேன்.

"அது மேல் பக்கத்து வலதும்மா. கீழருந்து பாத்தா எடது."

"ஏன் கீழருந்து பாக்கணும்? நாங்க தரைக்கு மேலதானே ஆடறோம்?"

"இன்னாம்மா நீ. தறியில நல்ல பக்கம் எப்பவும் கீழதான் இருக்கும். நெய்யறவன் பாக்கறது பின்பக்கம். மொதல்ல இது தெரியாம குத்திட்டேன், திருத்தின தாள் வந்ததும்தான் புத்தி வந்துச்சு."

விழாக் குழுவில் பாதிப் பேர் தறிக்காரர்கள். எல்லோரும் தலையாட்டினார்கள். நான் மட்டும் விடவில்லை. பேஜாராகிப் போன மாஸ்டர், இது தப்பாப் போனா இனிமே அட்டையில கையே வைக்க மாட்டேன் என்று குழுவின் முன் சபதம் செய்தார். செயலாளர் என்ற முறையில் அதையும் பதிவேட்டில் எழுதி வைத்தேன். கோபத்தில் கொஞ்சம் அழுத்தியே எழுதினேன்.

விழா நாள். நாங்கள் மட்டும் ஆடிய சுற்றுகளுக்குப் பலத்த கைதட்டல். பின்பக்கம் என்று யாருக்குத் தெரியும்? கடைசிச் சுற்றில் மெர்சி டீச்சரின் ஜோடி விலகிக்கொள்ள, அந்த இடத்தில் அம்மையார் வந்து நின்றார். அவர் வலக்கை நீட்டினார். டீச்சர் இடக்கை நீட்டினார். அவர் வலப்பக்கம் சுற்ற, நாங்கள் ஏழு பேரும் இடப்பக்கம் சுற்ற, அம்மையார் நேரே போய் ஹார்மோனியத்தில் மோதினார். நல்ல மனுஷி, சிரித்துக்கொண்டே, மறுபடி முதலிலிருந்து ஆடலாம் என்றார்.

மாஸ்டர் சிரிக்கவில்லை. முகம் சுண்ணாம்பாகியிருந்தது. என்னைச் சைகையால் கூப்பிட்டார்.

"மேல் பக்கம்தானாம்மா?"

"மூணு வாரமா அதத்தான் சொல்லிகினு இருக்கேன் மாஸ்டர்."

மாஸ்டர் சங்கிலியைச் சட்டத்திலிருந்து கழற்றினார். மொத்தமாகப் புரட்டி, பின்பக்கம் முன்னால் வருமாறு மாட்டினார். இடப்பக்க ஓட்டைகளெல்லாம் வலப்பக்கம் வந்தன. கேசட் மறுபடி ஓடியது. மூன்று வாரமாக அட்டையைத் தவிர வேறெதையும் பார்க்க விடாமல் எங்களை வதைத்திருந்தாரே, அந்தப் பழக்கத்தில் எட்டாவது ஓட்டைக்குள் எங்களுக்கு வலது வந்துவிட்டது. ஆட்டம் முடிந்ததும் அம்மையார் எங்கள் ஒவ்வொருவர் கையையும் பிடித்துக் குலுக்கினார். எல்லாம் வலக்கை.

திங்கட்கிழமை காலை எங்கள் வீட்டு வாசலில் ஆறு தறிக்காரர்கள். மாஸ்டர் சபதத்தைக் காப்பாற்றுகிறாராம். குத்தும் உளியைத் துணியில் சுற்றிப் பரண்மேல் போட்டுவிட்டாராம். கல்யாண சீசன், தறியெல்லாம் நிற்கிறது. நீதானே எழுதி வெச்ச, நீயே வந்து சொல்லு என்றார்கள்.

பதிவேட்டை எடுத்துக்கொண்டு போனேன். வாயால் சொன்னது எதுவும் எடுபடவில்லை.

"தப்பு தப்புதாம்மா. எழுத்துல இருக்குது."

நான் உட்கார்ந்து பதிவேட்டைத் திறந்து, "திருத்திய விதிகளின்படி நடனம் ஆடப்பட்டது. அட்டைகளில் தவறு ஏதும் இல்லை" என்று எழுதி, கையெழுத்துப் போட்டு நீட்டினேன். அவர் எழுத்துக்கூட்டி இரண்டு முறை படித்தார். பிறகு வழக்கம்போல் தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை. எழுந்து பரணுக்கு ஏணி போட்டார்.

இன்றைக்கு என் உத்தியோகமே விவரக்குறிப்புகளைச் சரிபார்ப்பதுதான். ஒரு எழுத்து பிசகினாலும் விடமாட்டேன். தெரிந்தே நான் பொய் எழுதிக் கையெழுத்திட்ட ஆவணம் அது ஒன்றுதான். அதை மட்டும் திருத்துவதாக இல்லை.