நெற்றி முடியும் ஒரு ஜீப் சீட்டும்

இந்த ஞாயிற்றுக்கிழமை மசினகுடி ஜீப்பில் நான்தான் ஏறுவேன் என்று முடிவு கட்டிவிட்டேன். யானையே குறுக்கே வந்தாலும் சரி. என் மனைவி ஐவியே குறுக்கே வந்தாலும்... இங்கே கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கொள்கிறேன்.

நண்பன் லியோ குடும்பத்தோடு காடு பார்க்கக் கிளம்புகிறான். பூசை முடிந்த கையோடு, குன்னூர் கோயில் வாசலிலிருந்தே பயணம். ஜீப்பில் ஒரே ஒரு சீட் காலி. எங்கள் வீட்டிலோ இரண்டு பேர்.

"ஏனுங்க, பந்தயம் வெச்சுக்கலாமுங்களா?" என்றாள் ஐவி. "ஞாயித்துக்கெழம கோயில்ல நாந்தான் பைபிள் வாசகம் வாசிக்கோணும். என்ற நெத்தி முடிய நீங்க படிய வெச்சு உடுங்க. பூச முடிஞ்சு வெளிய வந்ததும் பாக்கலாம். ஒரு முடி எந்திரிச்சு நின்னாலும் சீட்டு எனக்கு. இல்லீன்னா உங்களுக்கு."

"சத்தியமா?"

"கோயில் விசயத்துல பொய் சொல்லுவனுங்களா?"

ஐவிக்கு முடி நீளத்தில் குறையில்லை. பின்னல் இடுப்பைத் தாண்டும். வம்பெல்லாம் முன்னால்தான். நடு நெற்றியில் முடி கூராக இறங்கி நிற்கும். அதனால் நடு வகிடு எடுத்தால் நிற்காது. இரண்டு ஓரத்திலும் குட்டிக் குட்டிப் பூனைமுடி. பனிமூட்டம் லேசாகப் பட்டால் போதும், போனஸ் கேட்கும் எங்கள் டீ ஃபேக்டரி ஆட்கள் மாதிரி மொத்தமும் எழுந்து நின்றுவிடும்.

நான் விடுவேனா? வாரம் முழுக்க வீடியோ பார்த்தேன். ஆபீஸ் விட்டதும் ஓடிவந்து பழகினேன். எண்ணெய் தேய்த்தேன், அலசினேன், சிக்கெடுத்தேன். ஐவி டீயைக் குடித்துக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள்.

"வலிக்குதா புள்ள?"

"இல்லீங்க. அந்தக் காதோரம் இன்னுங் கொஞ்சம் தேச்சு உடுங்க."

ஞாயிறு காலை வகிட்டை நடுவில் எடுக்காமல், கூருக்குப் பக்கத்தில் சாய்த்து எடுத்தேன். அடடா, கூர் அப்படியே அடங்கி உட்கார்ந்தது! பழைய டூத்பிரஷில் கற்றாழை ஜெல்லைத் தொட்டு, பூனைமுடிகளை ஒவ்வொன்றாகப் படுக்க வைத்தேன். வாசலுக்கு இழுத்துப்போய் மூட்டத்திலேயே நிறுத்திப் பார்த்தேன். ஒரு முடி அசையவில்லை! எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

"கண்ணாடியப் பாரு ஐவி! நடிகைங்கெல்லாம் பிச்ச வாங்கோணும்!"

"நெசமாலுமே நல்லாத்தான் இருக்குதுங்க."

அவள் முகத்தில் இருந்த பூரிப்பைப் பார்த்து எனக்கே பாவமாகிவிட்டது. யானையை நிறைய போட்டோ எடுத்துவந்து காட்டலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டு பையில் தொப்பி, ஸ்வெட்டர், பைனாகுலர் எல்லாம் திணித்தேன்.

கோயில் வாசலில் ஐவி கைப்பையைத் திறந்தாள். நைலான் லேஸ் முக்காட்டை எடுத்து, நெற்றி வரை இழுத்துப் போட்டு, காதோரம் ஊக்குக் குத்திக்கொண்டாள்.

"ஏம்புள்ள, இதென்ன?"

"முக்காடுங்க. வெறுந்தலையோட வாசிக்க முடியுங்களா? எப்பவும் போடறதுதானுங்க. நீங்க ஆம்பளைங்க பக்கம் தூண் மறைவுல தூங்கறீங்க, எங்க பாத்தீங்க?"

மூடி வைத்தால் இன்னும் நல்லதுதானே, முடி எப்படி எழும்? அன்று தூண் மறைவில் தூக்கம்கூட வரவில்லை. மனசு மசினகுடியில் இருந்தது.

பூசை முடிந்தது. லியோ ஹாரன் அடித்தான். ஐவி ஊக்கைக் கழற்றி முக்காட்டை உருவினாள். ஜெல் லேஸோடு ஒட்டிக் காய்ந்திருந்தது. சர்ரென்று வந்தது. நான் படுக்க வைத்த அத்தனை முடியும் அதோடு எழுந்து நின்றது.

"இது உனக்கு முன்னயே தெரியுமா?"

"தெரியாதுங்களா? போன ஈஸ்டருக்கு நானே ஜெல் தடவிப் பாத்தனுங்களே."

என் பையை வாங்கி, என் தொப்பியை மாட்டிக்கொண்டு, ஜீப்பில் ஏறி உட்கார்ந்தாள். "மத்தியானம் சோத்துக்கு என்ன பண்றது?" என்று கேட்டேன்.

"ஊட்டுல இருக்குதுங்க. காலையிலயே ஒருத்தருக்கு மட்டுந்தான் வடிச்சு வெச்சேன்."