என் இருமல் யாருக்கும் தொற்றாது

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு, மரம் அறுக்கும் மில்லில் பெரிய ரம்பத்தின் பொறுப்பை முப்பத்தொரு ஆண்டுகளாக வகித்துவரும் உங்கள் மருமகளின் தகப்பன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் சம்பந்தியம்மாளும் நலம். அங்கு நீங்களும், வீட்டம்மாவும், மாப்பிள்ளையும், என் மகளும், பிறந்து இருபது நாளாகியும் நான் இன்னும் முழுதாகப் பார்க்காத என் பேத்தியும் நலமாக இருக்க விரும்புகிறேன். உங்கள் மூட்டுவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். குறையாவிட்டாலும் கவலையில்லை. மூட்டுவலிக்காக யாரும் உங்களை வாசலில் நிறுத்தப் போவதில்லை.

நடந்ததை நீங்கள் மறந்திருக்கலாம். குழந்தையைப் பார்க்க வந்த அன்று, செருப்பைக் கழற்றக் குனிந்தபோது எனக்கு ஒரு இருமல் வந்தது. சாதாரண இருமல்தான். உங்கள் அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது தச்சனின் குறை. உடனே நீங்கள் அறைக் கதவைப் பாதி சாத்திவிட்டு, "சம்பந்தி, தப்பா எடுத்துக்காதீங்க. இது என்ன இருமல்னு ஒரு முடிவு தெரியட்டும். அதுவரைக்கும் இங்க நின்னே பாத்துக்குங்க" என்றீர்கள். நாற்பது வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவரிடம் எதிர்த்துப் பேசக் கூடாது என்று அங்கேயே நின்றேன். பாதி சாத்திய கதவு வழியாகப் பேத்தியின் இடது குதிகால் தெரிந்தது. நல்ல குதிகால். எங்கள் பக்கத்து ஜாடை. ஆனால் ஒரு தாத்தா ஒரு குதிகாலை எவ்வளவு நேரம்தான் கொஞ்ச முடியும்? திரும்பி வரும் வழியெல்லாம் உங்கள் சம்பந்தியம்மாள், "நான் தூக்குனேனே, பஞ்சு மாதிரி இருந்தா" என்று எனக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டே வந்தாள்.

நீங்கள் கேட்ட முடிவு தெரிந்துவிட்டது. அதை நான் தேடிப் போகவில்லை, அதுவே மில்லுக்கு வந்தது. மரம் அறுக்கும் இடத்துக் காற்றில் என்னென்ன கிருமி மிதக்கிறது, அதைச் சுவாசிக்கிறவர்களின் நெஞ்சு எப்படி இருக்கிறது என்று பார்க்க, சுகாதார ஆய்வுக்கூடத்திலிருந்து ஒரு அம்மாள் வரப்போவதாக முதல் நாளே தகவல் வந்தது. முதலாளி என்னைக் கூப்பிட்டு, "மேஸ்திரி, மானம் போயிரக் கூடாது" என்றார். மானத்தை என் கையில் ஒப்படைத்தபின் நான் சும்மா இருப்பேனா? மறுநாள் விடிந்ததும் பதினாலு பேரையும் துடைப்பத்தோடு நிறுத்தினேன். காற்றடிக்கும் குழாயை நானே பிடித்தேன். கூரைச் சட்டங்களின் மேல் நான் வேலைக்குச் சேர்ந்த வருடத்துத் தூள்கூட இருந்தது, ஒன்றையும் விடாமல் ஊதி இறக்கினேன். ரம்பத்துக்குப் பின்னால் மழைக்காலத்திலிருந்து ஈரமாகக் கிடந்த மரப்பட்டைக் குவியலைக் கிளறினால், அடியில் பச்சையும் வெள்ளையுமாகப் பூஞ்சை பூத்திருந்தது. வெளியாட்கள் வரும் இடத்தில் இது அழகா? அதையும் ஊதினேன். பத்து மணிக்கு அந்த அம்மாள் வாசலில் வந்து நின்று, "என்னங்க, உள்ள தீப்பிடிச்சிருக்கா?" என்று கேட்டார். புழுதிக்குள்ளிருந்து நான், "இல்லம்மா, சுத்தம் பண்ணியிருக்கோம்" என்றேன். அவர் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு குறிப்பேட்டில் ஏதோ எழுதினார். அதை நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

பிறகு அவர் கூழ் ஊற்றிய சின்னக் கண்ணாடித் தட்டுகளைத் திறந்து, ரம்பத்தருகே ஒன்று, பட்டைக் குவியலருகே ஒன்று, முதலாளி அறையில் ஒன்று என்று வைத்தார். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று கழிப்பறையிலும் ஒன்று வைத்தார். காற்றில் இருப்பது அந்தக் கூழில் விழுந்து முளைக்குமாம். ஒரு வாரம் கழித்துத் தட்டுகளோடு வந்தார். கழிப்பறைத் தட்டில் பதினொரு புள்ளி முளைத்திருந்தது. முதலாளி அறையில் நாற்பது. என் ரம்பத்துத் தட்டில் கூழே தெரியவில்லை. பச்சை, கறுப்பு, சாம்பல் என்று கம்பளி நெய்தது போல் வளர்ந்திருந்தது. அறிக்கையில் அதற்கு நேரே, 'எண்ண இயலவில்லை' என்று எழுதிக் கையெழுத்தே போட்டிருந்தார்கள். சம்பந்தி, நீங்கள் கணக்கு தெரிந்தவர். படித்தவர்கள் நாலு பேர் உட்கார்ந்தும் எண்ண முடியாத ஒன்றை உங்கள் சர்வீஸில் பார்த்திருக்கிறீர்களா? பலகை அளந்து தரம் பிரிப்பவன் ஒருவன் இருக்கிறான், பொண்டாட்டியைக்கூட இஞ்ச் கணக்கில்தான் வர்ணிப்பான், அதனால் அவனுக்கு 'அங்குலம்' என்று பெயர். அவன் தட்டை எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணே, இனிமே சாப்பாட்டுத் தூக்கை கக்கூஸ்லயே வெச்சுக்குவோம். அதான் சுத்தமா இருக்கு" என்றான். அவனை முறைத்தேன். முறைக்கும்போதே இருமல் வந்துவிட்டது.

அந்த அம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "இங்க யாருக்கெல்லாம் இருமல் இருக்கு?" என்று கேட்டார். ஒருவனும் கை தூக்கவில்லை. பதினாலு பேரும் என் பக்கம் திரும்பினார்கள். மரியாதை தெரிந்த பிள்ளைகள். "எப்போ வரும்?" என்றார். திங்கட்கிழமை சாயங்காலம் தொடங்கும், கூடவே லேசாகக் காய்ச்சலும் வரும், ஞாயிற்றுக்கிழமை இரண்டும் இருக்காது என்றேன். அவர் எதையோ கண்டுபிடித்தவர்போல் தலையாட்டினார். வீட்டில் சொன்னபோது உங்கள் சம்பந்தியம்மாள், "இதை நான் எப்பவோ சொல்லியிருப்பேனே. முதலாளிக்குன்னா இருமக்கூட செய்வீங்க, வீட்டு வேலைன்னா அதுவும் கிடையாது" என்றாள்.

மறுநாள் நெஞ்சு டாக்டரிடம் அனுப்பினார்கள். படம் எடுத்தார். ஒரு குழாயைக் கொடுத்து ஊதச் சொன்னார். காற்றுக் குழாய் பிடித்த பழக்கத்தில் என் முழுப் பலத்தையும் காட்டி ஊதினேன். மானியைப் பார்த்துவிட்டு, "உங்க வயசு என்ன?" என்றார். "அம்பத்தேழு" என்றேன். "மூச்சுக்கு எம்பது ஆகுது" என்றார். ஈர மரத்தில் வளரும் பூஞ்சையை ரம்பம் பொடியாக்கிக் காற்றில் கலக்கிறதாம், கண்ணுக்குத் தெரியாத அந்தப் பொடி நெஞ்சுக்குள் போகிறதாம், அதோடு நுரையீரல் சண்டைபோட்டுப் போட்டு விறைத்துப் போகிறதாம். நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்: "குழந்தைக்குத் தொத்துமா?" "தொத்தவே தொத்தாது. இது உங்க மில்லு உங்களுக்குன்னு குடுத்தது" என்றார். எழுதித் தரச் சொன்னேன். எழுதித் தந்தார். இத்துடன் இணைத்திருக்கிறேன். முத்திரையைக் கவனிக்கவும்.

இனி மில்லில் காற்றுக் குழாயால் ஊதக் கூடாது, ஈரத்துணியால் துடைக்க வேண்டும், பட்டையை அன்றன்றே வெளியேற்ற வேண்டும், தூள் உறிஞ்சும் இயந்திரம் வரும், எல்லோருக்கும் முகமூடி என்று உத்தரவாகியிருக்கிறது. முகமூடி போட்டு நான் பேசினால், "அண்ணே, திட்டுறீங்களா, பாராட்டுறீங்களா?" என்று கேட்கிறான் அங்குலம். இதுவரை பாராட்டியதே இல்லை என்பதால் குழப்பத்துக்கு இடமில்லை என்றேன். டாக்டர் இன்னொன்றும் சொன்னார்: ரம்பத்தை விட்டுவிட்டு வெட்டவெளியில் மரம் இறக்கும் இடத்துக்குப் போய்விட வேண்டுமாம். இல்லாவிட்டால் விறைத்தது விறைத்ததுதானாம். சிரித்துவிட்டு வந்தேன். இங்கே எத்தனையோ ரம்பம் மாறியிருக்கிறது. ஆள் மாறியதில்லை. மரத்தில் ஆணி இருந்தால் சத்தத்திலேயே கண்டுபிடிக்கிறவன், வெயிலில் நின்று லாரிக்குக் கை காட்டுவதா? இதில் என் முடிவு மாறாது.

ஆகவே, வரும் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நான் வருகிறேன். கதவு முழுதாகத் திறந்திருக்கட்டும். பேத்தியை இரண்டு கையிலும் ஏந்தி, நின்றபடி, கூடம் முழுவதும் நடந்து காட்டுவேன். மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் என் ஆசிகள். வீட்டம்மாவுக்கு என் வணக்கம். பேத்தியின் மீதமுள்ள பாகங்களுக்கு என் முத்தங்கள்.

இப்படிக்கு,
பூஞ்சைக்கு அஞ்சாத உங்கள் சம்பந்தி

பின்குறிப்பு: மேலே உள்ளதைச் செவ்வாய்க்கிழமை எழுதினேன். இன்று வியாழன். பேத்தி மூன்று கிலோ இருநூறு கிராம் என்று மகள் சொல்லியிருந்ததால், ஒத்திகை பார்க்கலாம் என்று தேக்கில் அதே எடைக்கு ஒரு துண்டு அறுத்து எடுத்து வந்தேன். தராசில் ஒரு கிராம்கூடப் பிசகவில்லை. பூந்துவாலையில் சுற்றி, கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடந்தேன். ஏழாவது நடையில் மூச்சு முட்டி, இருமல் பிடித்துக்கொண்டது. துண்டைக் கீழே வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்தேன். உங்கள் சம்பந்தியம்மாள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். வழக்கமாக ஏதாவது சொல்வாள். இந்த முறை அதைக் குனிந்து எடுத்துத் துவாலையைச் சரிசெய்துவிட்டு, "இது மரம். கீழ வெச்சா அழாது" என்று மட்டும் சொன்னாள்.

இன்று காலை முதலாளியிடம் கடிதம் கொடுத்துவிட்டேன். திங்கள் முதல் எனக்கு வெளியே, மரம் இறக்கும் இடத்தில் வேலை. இந்த மில்லில் யாரும் தள்ளாமல், தானாக ரம்பத்தை விட்டு இறங்கிய முதல் ஆள் நான்தான் என்பதை மாப்பிள்ளையிடம் சொல்லவும். காரணத்தை மகளிடம் சொல்ல வேண்டாம். சான்றிதழை நீங்கள் படிக்காவிட்டாலும் பரவாயில்லை.

ஞாயிறன்று எனக்கு ஒரு நாற்காலி போட்டு, நான் உட்கார்ந்தபின் குழந்தையை மடியில் வையுங்கள். நாற்காலி மரத்தில் இருக்கட்டும். பேத்தியைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து வாங்கினேன் என்று மில்லில் போய்ச் சொல்ல முடியாது.