கணக்கெடுப்பு நாளில் வந்த வயிற்றுப்போக்கு

“சார்... நான்தான் சார்...” என்று கணக்கர் போனில் முனகினார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்க வேண்டும் என்பதற்காகத் தலையணையை வாயோடு அணைத்துப் பிடித்திருந்தார். “ராத்திரியிலேர்ந்து வயித்துப்போக்கு சார். எழுந்து நிக்கவே முடியலை.”

“நீயுமாய்யா?” என்றார் மேனேஜர். அவர் குரலும் ஏனோ ஈனஸ்வரத்தில்தான் இருந்தது. “அப்படி என்னத்தைச் சாப்பிட்டே?”

இந்தக் கேள்விக்குக் கணக்கர் ஒத்திகை பார்த்திருக்கவில்லை. வாயில் வந்ததைச் சொன்னார். “நம்ம கேன்டீன் கோழிதான் சார். சரியா வேகலையோ என்னவோ.”

“உடம்பைப் பாத்துக்கோ” என்று மேனேஜர் அவசரமாகப் போனை வைத்துவிட்டார்.

அன்று கம்பெனியில் வருடாந்திரக் கணக்கெடுப்பு. நட்டு, போல்ட், திருகாணி விற்கும் கம்பெனியில் கணக்கெடுப்பு என்றால் என்ன என்று பட்டவர்களுக்குத்தான் தெரியும். முதலாளிக்குத் தராசின்மேல் நம்பிக்கை கிடையாது. ஒவ்வொரு திருகாணியையும் கையால் எண்ண வேண்டும். எண்ணி முடித்ததும், எண்ணியது சரிதானா என்று இன்னொருவர் எண்ண வேண்டும். போன வருடம் எண்ணிவிட்டு வந்த கணக்கர், ஒரு வாரம் சாப்பாட்டுத் தட்டில் பருக்கைகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

“வயித்துப்போக்குக்கு இன்னும் ரெண்டு முட்டை பொரிக்கவா?” என்று சமையலறையிலிருந்து மனைவி கேட்டாள்.

“மிளகு தூக்கலா போடு” என்றார் கணக்கர்.

மதியம் கேஷியர் போன் செய்யும்வரை உலகம் இன்பமயமாக இருந்தது.

“விஷயம் தெரியுமா? ஆபீஸ்ல பதினோரு பேருக்கு வயித்துப்போக்கு! மேனேஜருக்கு, எனக்கு, எல்லாருக்கும். முதலாளி தன்னந்தனியா கோடவுன்ல உக்காந்து திருகாணி எண்ணிட்டிருக்காராம். கடுப்பாகி சுகாதாரத்துறைக்குச் சொல்லிட்டாரு. கேன்டீனுக்குப் பூட்டு.”

கணக்கருக்கு வயிற்றைக் கலக்கியது. அன்று முதல்முறையாக, நிஜமாகவே. ஊரே உண்மையாக நோயில் கிடக்க, தான் ஒருவன் மட்டும் முட்டை தின்றுகொண்டு நடித்திருக்கிறோமே!

மறுநாள் பதினோரு பேரும் சுவரைப் பிடித்தபடி ஆபீசுக்கு வந்தார்கள். சுகாதாரத்துறை அம்மாள் ஆளுக்கொரு மூடி போட்ட டப்பாவைக் கொடுத்தார்.

“இது குடல்ல வர்ற கிருமி. அரைவேக்காட்டுக் கோழியில வரும். நாய் பூனையைத் தொட்டுட்டுக் கை கழுவாம சாப்பிட்டாலும் வரும். நாளைக்குக் காலையில டப்பாவை நிரப்பிக் கொண்டு வாங்க. வழிய வழிய வேண்டாம், கொஞ்சம் போதும்.”

“கிருமி மட்டும் இருக்கட்டும், அந்தக் கேன்டீன் அம்மாவை உடனே வீட்டுக்கு அனுப்பறேன்” என்று முதலாளி உறுமினார். “எவனாவது வயித்துப்போக்கு வராமலே லீவு போட்டிருந்தா, அவனையும் கூடவே அனுப்பறேன்.”

யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. பாவம், எல்லோருக்கும் களைப்பு என்று கணக்கர் நினைத்துக்கொண்டார்.

கிருமி இருந்தால் கேன்டீனில் சமைக்கும் அக்காவுக்கு வேலை போகும். இல்லாவிட்டால் தனக்குப் போகும். கணக்கர் நல்லவர்தான். ஆனால் வேலை போகிற அளவுக்கு நல்லவர் அல்ல.

மனசு கேட்காமல் கேன்டீனின் பின்பக்கம் போனார். கவிழ்த்துப் போட்ட அண்டாவின்மேல் அக்கா உட்கார்ந்திருந்தாள். காலடியில் கோடவுன் நாய் ஸ்பேனர் சுருண்டு கிடந்தது.

“இப்ப எப்படி இருக்கு சார்?” என்று எழுந்தாள் அக்கா. கண்கள் வீங்கியிருந்தன. “என் சமையலாலயா சார் இப்படி ஆச்சு? நல்லா வேகவெச்சுத்தானே போட்டேன்!”

“விடுங்கக்கா, பாத்துக்கலாம்” என்று கணக்கர் தரையைப் பார்த்தார். அவர் தட்டில் மட்டும் சோற்றுக்கு அடியில் ஒரு துண்டு கூடுதலாக ஒளித்துவைத்துத் தருகிறவள் அவள்.

“இந்த ஸ்பேனருக்கும் வயிறு சரியில்லை சார். குப்பையில கிடந்த பச்சைக் கோழித்தோலைத் தின்னுருக்கு. அது போதாதுன்னு மூட்டை கட்டற நீலக் கயித்தையும் மென்னு முழுங்கியிருக்கு. போறவங்க வர்றவங்ககிட்ட எல்லாம் சொல்லிட்டேன், ஒருத்தரும் மருந்து வாங்கித் தரலை.”

கணக்கர் ஸ்பேனரைக் கண்கண்ட தெய்வத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

மறுநாள் காலையில், ஆபீஸ் திறக்கும் முன்பே, டப்பாவோடு கோடவுனின் பின்பக்கம் போனார். எதிரே கேஷியர் எதையோ கைக்குட்டையில் மூடிக்கொண்டு வந்தார்.

“சும்மா... காத்து வாங்க வந்தேன்” என்றார் கேஷியர்.

“நானும் அதுக்குத்தான்” என்றார் கணக்கர். காற்று வாங்க அதைவிட மோசமான இடம் அந்தக் கட்டடத்திலேயே கிடையாது.

வீட்டுக்கு வந்து அவர் கை கழுவிய வேகத்தில் சோப்பு பாதியாகிவிட்டது.

“வராத வயித்துப்போக்குக்கு எதுக்குங்க இவ்வளவு சோப்பு?” என்றாள் மனைவி.

முடிவு வந்த அன்று எல்லோரையும் கேன்டீனில் கூட்டினார்கள். சுகாதாரத்துறை அம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

“எல்லா டப்பாவிலயும் கிருமி இருக்கு.”

பதினோரு பெருமூச்சுகள் கிளம்பின. வேலை தப்பித்தது!

“கேட்டியாம்மா?” என்று முதலாளி அக்காவிடம் திரும்பினார்.

அக்கா வாதாடவில்லை. இடுப்பில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து மடித்து, சாவியை அதன்மேல் வைத்தாள். போகும்போது கணக்கரிடம் மட்டும் நின்றாள். “உடம்பைப் பாத்துக்குங்க சார். கொஞ்ச நாளைக்குக் காரம் வேண்டாம்.”

அந்த ஒரு வார்த்தையில் கணக்கர் உடைந்துபோனார். நாற்காலி சரிய எழுந்து நின்றார்.

“அக்கா மேல தப்பே இல்லை சார்! எனக்கு வயித்துப்போக்கே வரலை. திருகாணி எண்ணப் பயந்துக்கிட்டுப் பொய் சொன்னேன். அந்த டப்பாவுல இருந்தது... ஸ்பேனரோடது சார்.”

நிஜ நோயாளிகள் பத்துப் பேரும் தன்மேல் பாயப் போகிறார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டார். சத்தமே இல்லை. திறந்து பார்த்தால், கேஷியர் விட்டத்தில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். மேனேஜர் தன் செருப்பை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

“நீ ஒருத்தன் புளுகினா மத்தவங்களுக்கு வந்தது இல்லைன்னு ஆயிடுமாடா?” என்று முதலாளி கத்தினார். “மீதி பத்து டப்பாவுக்கு என்ன பதில்?”

சுகாதாரத்துறை அம்மாள் கண்ணாடிக்கு மேலாக எல்லோரையும் ஒருமுறை நிதானமாகப் பார்த்தார்.

“நான் இன்னும் படிச்சு முடிக்கலை சார்: பதினோரு டப்பாவிலயும் நீலக் கயித்துத் துணுக்கு இருக்கு, உங்க கம்பெனியில நிஜமா வயித்துப்போக்கு வந்தது அந்த நாய்க்கு மட்டும்தான், பாவம், அது ஒண்ணுதான் லீவும் போடலை.”